மேட்டிலிருந்து ஒரு சங்கு

சங்கு ஒலித்தது.

பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்த சத்தத்தையும் மீறி அது கேட்டது. தொழுவத்தில் கட்டிய மாடு கத்துவதைப் போல நீளமாக, கனமாக. புயலுக்கு ஒதுங்கி வகுப்பறைகளில் போர்வை விரித்துப் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஆன்ஸ் லியான் என்ற அந்த மீனவ ஊரில் சங்கு ஊதினால் ஒரே அர்த்தம்தான். படகு கரைக்கு வந்துவிட்டது, மீன் இருக்கிறது, சட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவா. வேறு எதற்கும் அங்கே சங்கு ஊதி யாரும் கேட்டதில்லை.

"இந்தப் புயல்ல எவன் மீனு விக்கிறான்? கூப்பிடுங்கப்பா, எனக்கு ரெண்டு சூரை வேணும்" என்றாள் மூதாட்டி மா ஜூலியென், கொக்கோ டீயை ஆற்றிக்கொண்டே. கூடம் முழுக்கச் சிரிப்பு.

யூடோரா சிரிக்கவில்லை. ஊதுகிறவனை அவளுக்குத் தெரியும். பாதியில் மூச்சு ஒருமுறை உடையும், பிறகு மறுபடி ஏறும். அப்படி ஊதுகிறவன் அந்த ஊரில் ஒருவன்தான். அவளுடைய தம்பி ஒக்தேவ்.

மா ஜூலியெனுக்கும் அது புரிந்துவிட்டது. "உன் தம்பிக்கு இன்னிக்குமா லீவு கிடையாது? உன் புருஷன் ஆத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்துட்டான் போல, ஊதுறான் பாரு" என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது.

ஒக்தேவும் யூடோராவின் கணவன் மார்செலினும் முன்பு ஒரே படகில் போனவர்கள். ஒருநாள் ஒக்தேவ் சுக்கான் பிடித்திருந்தபோது படகு பாறையில் ஏறி எஞ்சின் உடைந்தது. மீன் வாங்க வந்த பெண்கள் முன்னால் மார்செலின் கத்தினான்: நீ கடலுக்கு லாயக்கில்லை, போய்க் கிழங்கு தோண்டு. ஒக்தேவ் அன்றே படகை விட்டு இறங்கினான். படகின் சங்கை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகவே மலைக்கு ஏறியவன், மேட்டில் இருந்த அப்பாவின் நிலத்தில் சேம்பும் வாழையும் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அங்கிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரியும். மார்செலின் வெறும் படகோடு திரும்பும் நாளில் மேட்டிலிருந்து சங்கு முழங்கும். வாங்க, மீன் வந்தாச்சு! கரையில் நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மார்செலின் அன்றிரவு சாப்பிடமாட்டான்.

இன்றைக்கும் மார்செலின் கீழேதான் இருந்தான். புயல் எச்சரிக்கை வந்தவுடன் எல்லாப் படகுகளையும் ஆற்றுக்குள் இழுத்து வாதுமை மரங்களில் கட்டுவது அங்கே பாட்டன் காலத்துப் பழக்கம். மணலில் விட்டால் கடல் அடித்து நொறுக்கிவிடும். கயிறுகளைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒருவன் காவலுக்கு நிற்பான். இந்தப் புயலுக்கு அவன் முறை. புயல் என்றால் அந்த ஊர்க்காரர்கள் கடலைத்தான் பார்ப்பார்கள், காற்றுக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் இந்தமுறை காற்றே இல்லை. நேற்று மாலையிலிருந்து மழை, மழை, மழை மட்டும்தான்.

சங்கு நிற்கவில்லை. ஓர் ஊதல் முடிவதற்குள் அடுத்தது. கேலி செய்பவன் ஒருமுறை ஊதுவான், இரண்டுமுறை ஊதுவான். இப்படி மூச்சு வாங்காமல் ஊதுவானா?

ஜன்னலோரம் நின்றவன் ஒருவன் திரும்பிச் சொன்னான், நல்ல சேதி, ஆறு வடிகிறதாம். பெண்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். யூடோரா ஓடிப்போய்ப் பார்த்தாள். காலையில் பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடிய தண்ணீர் இப்போது காணோம். துணி துவைக்கிற கற்கள்கூட வெளியே தெரிந்தன. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவற்றின் நடுவே மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு சிறு உருவம் குனிந்து எதையோ தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் வானத்தைப் பார்த்தாள். மழை கொஞ்சம்கூடக் குறையவில்லை. கொட்டுகிற மழையில் ஆறு எப்படி வற்றும்? மேலே எங்கேயோ மலை சரிந்து தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒக்தேவ் பார்த்துவிட்டான். அவனிடம் ஃபோன் கிடையாது. சங்கு மட்டும்தான்.

அவள் கதவைத் திறந்தபோது மா ஜூலியென் கையைப் பிடித்தாள். ஆறு வடியும்போது எதற்கு ஓடுகிறாய், பைத்தியமா என்று கேட்டாள்.

"மழை நிக்காம ஆறு மட்டும் வத்துதுன்னா, தண்ணி எங்கேயோ உக்காந்திருக்கு மா. எந்திரிச்சா சும்மா வராது."

கையை உதறிக்கொண்டு இறங்கினாள். பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. இரண்டு இடத்தில் விழுந்தாள். ஒரு செருப்பு போயிற்று, இன்னொன்றை அவளே உதறினாள். சங்கு தலைக்கு மேலே அலறிக்கொண்டே இருந்தது. அது ஒலிக்கும்வரை நேரம் இருக்கிறது என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது. நின்றுவிடாதே, ஒக்தேவ், நின்றுவிடாதே.

மார்செலின் ஆற்றின் நடுவில், முழங்கால் சேற்றில் நின்று, படகின் அடியில் கட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தான். நீளக் கயிறு ஒன்றைத் தோளில் குறுக்காகப் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"மேல வா மார்செலின். ஆறு வரப்போகுது."

"ஆறா? இதோ கெடக்கு பாரு, கோழிக்குக்கூடத் தண்ணி காணாது."

"சங்கு கேக்கலியா உனக்கு?"

அவன் குனிந்துகொண்டான். "இந்த மழைல என்ன கேக்கும்? ஒண்ணும் கேக்கல."

அவள் கெஞ்சினாள், திட்டினாள். படகு சாய்ந்தபடியே கிடந்தால் பலகை பிளந்துவிடும், நிமிர்த்திவிட்டு வருகிறேன், நீ போ என்று அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை.

யூடோரா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். சேற்றில் அளைந்து போய், படகின் விளிம்பைப் பிடித்து ஏறி, உள்ளே பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்றே நீ?"

"நீ நிமித்து. நான் உக்காந்திருக்கேன். போறதுன்னா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

அவன் அவளை முறைத்தான். அப்போதுதான் சங்கு நின்றது.

பாதி ஊதலில், கத்தரித்ததைப் போல நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் மலையைப் பார்த்தார்கள். மார்செலினின் முகம் வெளுத்தது. மறுகணம் அவளை இடுப்போடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி ஓடினான். சேறு காலை இழுத்தது. வாதுமை வேரைப் பற்றி அவளை மேலே தள்ளினான், தானும் ஏறினான். ஏறிய பிறகும் நிற்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பாதையில் ஏறினான்.

முதலில் வந்தது வாசனை. புதிதாகப் பறித்த குழியின் மண்வாசனை. பிறகு தரை நடுங்கியது. பிறகுதான் ஆறு வந்தது. அதில் தண்ணீரே தெரியவில்லை. வேரோடு மரங்கள், வீட்டளவு பாறைகள், யாருடைய வீட்டுக் கூரையோ, எல்லாம் ஒன்றாக உருண்டு வந்தன. வாதுமை மரங்கள் தீக்குச்சிகளைப் போல முறிந்தன. படகுகள் எந்தப் பக்கம் போயின என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பாலம் ஒரு முறை முனகியது. அவ்வளவுதான், அந்த இடத்தில் பாலம் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடியிருந்தது. மா ஜூலியென் யூடோராவின் தலையைத் துவட்டினாள். கேலி எல்லாம் எங்கேயோ போயிருந்தது. யூடோரா மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு காயம் மட்டும் தெரிந்தது. சத்தமே இல்லை. தம்பியின் பெயரைச் சொல்லக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

மழை சற்று இளகியது. அப்போது கேட்டது. ஒரே ஓர் ஊதல். பலமில்லாமல், குழந்தை அழுவதுபோல. பாதியில் உடைந்தது, ஆனால் மறுபடி ஏறவில்லை.

உயிரோடிருக்கிறான். எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாதை போய்விட்டது, இன்னும் மண் சரியும், மழை விடட்டும் என்றார்கள். மார்செலின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தோளில் கிடந்த கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கினான். யூடோரா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எங்கேன்னு போய்த் தேடுவே? அப்போ சங்குச் சத்தமே உனக்குக் கேக்கலன்னியே."

அவன் அவள் கையை மெதுவாக விலக்கினான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"எல்லாம் கேட்டுச்சு, யூடோரா. ஊதுறது அவன்னு தெரிஞ்சதாலதான் நான் ஏறி வரல."