மிச்சமிருந்த நாலு சவரன்

பில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் பிரிஜெட்டுக்குப் படம் வரையவும் வரும் என்று கண்டுபிடிக்க, நகைக்கடைச் சந்தானத்துக்கு நாலு வருஷம் பிடித்தது. அதுவும் அவராகக் கண்டுபிடித்தாரா என்றால், இல்லை. மல்லேஸ்வரத்து அனந்தலக்ஷ்மி மாமி ஒரு நாள் கடைக்கு வந்தாள். பில் புத்தகத்தின் பின்பக்கம் பிரிஜெட் கிறுக்கி வைத்திருந்த மாங்காய் அட்டிகை கண்ணில் பட்டது. "எங்க சஹானா கல்யாணத்துக்கு இதுதான் வேணும்" என்று மாமி ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

சந்தானம் கறார்ப் பேர்வழி. "செய்யும்மா. மாமிக்குப் பிடிச்சா டிசைன் மேஜை உனக்கு. பிடிக்கலைன்னா ஆயுசுக்கும் பில்லுதான், சொல்லிட்டேன்" என்றவர், மறுநாளே காசி யாத்திரை கிளம்பிவிட்டார்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். வெள்ளைத் தங்கம்தான் ஃபேஷன் என்று ஊரெல்லாம் பேச்சு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த சஹானாவுக்கும் அந்த ஆசை லேசாக இருந்தது. "வெள்ளையா இருந்தா அதுக்குத் தங்கம்னு ஏன்டி பேரு?" என்று மாமி ஒரே போடாகப் போட்டாள். ஆனால் சஹானாவின் மனசை மாற்றியது அம்மாவின் வாய் இல்லை, பிரிஜெட்டின் படம். மஞ்சள் பென்சிலால் வரைந்த அந்த அட்டிகையைப் பார்த்ததும் பெண் வாயை மூடிக்கொண்டது.

மாமியின் பழைய நகைகளை உருக்கி அட்டிகை, வளை, ஜிமிக்கி எல்லாம் செய்த பிறகு நாலு சவரன் மிச்சம். பிரிஜெட் போன் பண்ணினாள். "உனக்கு என்ன தோணறதோ அதைப் பண்ணு, போ!" என்றாள் மாமி.

உனக்கு என்ன தோன்றுகிறதோ! இருபத்தாறு வயசில் முதல் முறையாக ஒருத்தர் அவளிடம் அப்படிச் சொல்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்துக்கு ஆயிற்று, காதுக்கு ஆயிற்று, கைக்கும் ஆயிற்று. பாவம், கால் மட்டும் என்ன பாவம் செய்தது? அதே மாங்காய், மாங்காய்க்கு ஒரு குட்டி மணி என்று ஒரு ஜோடி தங்கக் கொலுசு வரைந்தாள். ஆஸ்டின் டவுன் வீட்டில் அம்மா அன்னம்மாளிடம் காட்டியபோது, "மாதாவே! ராணி போடற மாதிரி இருக்குடி" என்று அம்மா கன்னத்தில் கை வைத்தாள். வெள்ளிக் கொலுசுக்கே சீட்டுக் கட்டிய குடும்பம். தங்கத்தில் ஏன் யாரும் கொலுசு போடுவதில்லை என்றால், விலைதான் காரணம் என்று இருவரும் மனதார நம்பியிருந்தார்கள். நாகரத்பேட்டை வங்காளி ஆசாரியோ அளவைக் கொடுத்தால் செய்வார், எதற்கு என்று கேட்கவே மாட்டார்.

காசியிலிருந்து திரும்பிய சந்தானம், நகைப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரிஜெட்டை வேனில் ஏற்றிக்கொண்டு மல்லேஸ்வரம் போனார். கூடம் நிறைய பெண்டுகள். அட்டிகை வந்ததும் "ஆஹா!" ஜிமிக்கி வந்ததும் இன்னொரு "ஆஹா!" மாமியின் கணவர் கஸ்தூரிரங்கன், விதான சௌதாவில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர், "சென்னாகிதே, பஹள சென்னாகிதே!" என்று கன்னடத்தில் பாராட்டுப் பத்திரமே வாசித்தார்.

கடைசியாகக் கொலுசு வந்தது. சஹானா ஆசையாக எடுத்துக் காலை நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம்டி!" மாமி பாய்ந்து பிடுங்கினாள். "தங்கம்டி அது! மகாலக்ஷ்மி! காலில போடுவாளோ யாராவது?"

சந்தானத்தின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல் ஆயிற்று. "என்னம்மா பண்ணி வச்சிருக்க? கல்யாண வீட்டுல மானத்த வாங்கிட்டியே!" என்று பல்லைக் கடித்தார். பிரிஜெட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, மேஜை போச்சு. இனி ஜென்மம் பூராவும் பில்தான்.

அழப்போன கண்ணில்தான் அது பட்டது. மாமி கொலுசைக் கீழே வைக்கவில்லை. தப்பு நடந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல அதைக் கண்ணில் ஒற்றி, தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உச்சந்தலையில் மணிகள் கிணுகிணு என்றன.

அடடா, அங்கேதான் எவ்வளவு அழகாக இருக்கிறது!

"மாமி, ஒரு நிமிஷம் குடுங்க." பிரிஜெட் ஒரு கொலுசின் கொக்கியை மற்றதில் மாட்டினாள். ஒரு முழத்துக்கு மேல் வந்தது. "சஹானா, திரும்பி உக்காரும்மா." பின்னங்கழுத்தில் ஒரு ஊசி, ஜடை நெடுக அங்கங்கே ஒரு ஊசி. மாங்காய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்பு ஜடையில் இறங்கின. "இப்ப தலைய ஆட்டு."

சஹானா ஆட்டினாள். கூடம் பூராவும் சலங்கைச் சத்தம்.

"பெருமாளே!" என்றாள் மாமி. "காலுக்கு வந்தவளைத் தலையில உக்கார வச்சுட்டாளே இந்தப் பொண்ணு!" அவ்வளவுதான், பெண்டுகள் மொய்த்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஜடையைத் தூக்கிப் பார்த்தார்கள், ஆட்டச் சொன்னார்கள். சஹானா ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கிக்கொள்ளாதது பெருமாள் புண்ணியம்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணேன்" என்றாள் மாமி.

"உனக்கு ஜடை எங்க இருக்கு? எலிவால்தானே இருக்கு!" என்றார் கஸ்தூரிரங்கன். கூடமே சிரித்தது. மாமியும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஒரு பெரிய மைசூர்பாகை எடுத்துப் பிரிஜெட்டின் வாயில் திணித்தாள்.

திரும்பும்போது வேனில் சந்தானம் திட்டிக்கொண்டே வந்தார். சம்பிகே ரோடு முழுக்கத் திட்டினார். "தங்கத்துல கொலுசாம்! கேட்டுக்க வாய் இல்லையா? நல்லவேளை, புத்தி வேலை செஞ்சுது" என்று சேஷாத்ரிபுரம் வரை விடவில்லை. பிரிஜெட் மைசூர்பாகை மென்றபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சிக்னலில் வண்டி நின்றது. சந்தானம் மூச்சு வாங்கினார். வெளியே பார்த்தபடி, இன்னும் கோபம் தீராத அதே குரலில் கேட்டார்.

"மேஜைய எங்க போடச் சொல்லட்டும்? ஜன்னல் பக்கமா, இல்ல..."

"ஜன்னல் பக்கம் சார்!" என்றாள் பிரிஜெட்.