மதியம் எங்கே போகிறேன்

"என்னைத்தான் சார் ஃபாலோ பண்ணணும்" என்றார் வந்தவர்.

துப்பறியும் ஆபீசில் வருஷக்கணக்காக ஊரார் வீட்டு வண்டவாளங்களை நோட்டம் பார்த்தவனுக்கே சிரிப்பு வந்தது. மனைவியை, மருமகனை, பங்காளியைக் கண்காணிக்கச் சொல்லி வருவார்கள். தன்னையே கண்காணிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. வந்தவருக்கு ஏறக்குறைய அவன் வயசுதான். ஒண்டிக்கட்டை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவது வரை ஞாபகம் இருக்கிறதாம். அடுத்த ஞாபகம் சாயங்காலம்தான். அப்போது செருப்பில் செம்மண் அப்பியிருக்குமாம்.

"யார் வீட்டுலயாவது போய் ஏதாவது செஞ்சுட்டு வர்றேனோன்னு பயமா இருக்கு சார்."

மறுநாள் மதியம் அவர் பின்னாலேயே போனான். மாட்டிக்கொண்டால் சொல்வதற்கென்று அவனிடம் ஒரு வாக்கியம் உண்டு. எத்தனையோ வாசல்களில் அவனைக் காப்பாற்றிய வாக்கியம். இங்கே அதற்குத் தேவையே இருக்கவில்லை. மனிதர் திரும்பியே பார்க்கவில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரைப் போல வீசி நடந்தார். மருந்துக்கடை வந்தது. இஸ்திரிக்கடை வந்தது. குழாய்க்காகத் தோண்டி, செம்மண்ணை வாரிப் போட்டிருந்த தெரு வந்தது. அது அவன் குடியிருக்கும் தெரு.

அவன் வீட்டு கேட் லேசில் திறக்காது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். அவர் தூக்கித் தள்ளினார். கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பழக்கதோஷம், எதிரே நின்ற வேனுக்குப் பின்னால் ஒதுங்கி போட்டோ எடுத்தான். ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. அவன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவன் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகிறது. "வீட்டுக்கு வந்தாலும் யாரையோ வேவு பாக்கிற மாதிரியே உக்காந்திருக்கீங்க" என்பாள் முன்பெல்லாம். இப்போது அதையும் சொல்வதில்லை.

கோபம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. தெருவைக் கடந்து கதவைத் தட்டினான். அவரே திறந்தார். காலில் அவனுடைய வீட்டுச் செருப்பு. ஆபீசில் பார்த்த கலங்கிய முகம் போய், நிம்மதியான முகம் வந்திருந்தது.

"யாரு வேணும் சார்?"

உள்ளிருந்து மனைவி கேட்டாள். "யாருங்க அது?"

"தெரியல. யாரோ வந்திருக்காரு."

அவள் எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வையில் எரிச்சல்கூட இல்லை. அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். இது என் வீடு, இவள் என் மனைவி என்று கத்த வாயைத் திறந்தான். நாக்கு தானாகவே புரண்டது.

"மன்னிக்கணும். வீடு மாறி வந்துட்டேன்."

"பரவாயில்லைங்க" என்றாள் அவள்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே வந்து, சத்தம் கேட்காதபடி கேட்டைக் கொஞ்சம் தூக்கி இழுத்துச் சாத்தினான்.