எல்லாரும் செஞ்சாச்சு என்றார்கள்

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். ஜன்னலோர நாற்காலியில் பெரியக்கா. எதிரே சோபாவில் அவருடைய தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தம்பிக்குப் பக்கத்தில் தங்கை, பள்ளிக்கூட ஆசிரியை. தங்கையின் கணவர், காதில் விழுந்த எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பதால் குடும்பத்தில் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர். சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் சாய்ந்தபடி பெரியக்காவின் மகன். தரையில், மடியில் லேப்டாப்புடன் மருமகள். வேறு யாரும் இல்லை.

பெட்டிகளில் இருந்தது பெரியக்காவின் புதிய நாவல். அச்சகத்திலிருந்து வந்திறங்கி, மை வாசனைகூட இன்னும் போகவில்லை.

பெரியக்கா ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். மருத்துவமனைகளில் நடக்கும் மர்மக் கதைகளை எழுதி, தானே அச்சிட்டு, தானே வெளியிடுகிறவர். முதல் நாவலின் முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளரின் மேசையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு, வைத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தவர். அன்றிலிருந்து எந்தப் பதிப்பாளர் படியும் அவர் ஏறியதில்லை. அவர் புத்தகத்தை எந்தக் கடையும் வாங்கி வைத்ததில்லை. சமூக வலைத்தளத்தில் மருமகள் போட்டுவந்த விளம்பரம் ஒன்றுதான் வாசகர்கள் வரும் வழி. அதற்கும் பெரியக்கா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எழுதுவது தன் வேலை. கூவி விற்பது தன் கண்ணில் படவே கூடாது. மருமகளும் விளம்பரங்கள் மாமியாரின் போனுக்குப் போகாதபடி பார்த்துப் பார்த்துச் செய்துவந்தாள்.

அந்த மருமகள்தான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அத்தை, கணக்க மூடிட்டாங்க" என்றாள்.

எந்த பேங்கில் என்று கேட்டார் பெரியக்கா. பேங்க் இல்லை, விளம்பரக் கணக்கு என்று மருமகள் விளக்கினாள். இடைக்காலத் தடையும் இல்லை, ஒரேயடியாகப் பூட்டிவிட்டார்கள். இனி அவள் பெயரிலோ, பெரியக்காவின் பெயரிலோ அங்கே ஒரு வரி விளம்பரம்கூடப் போட முடியாது. மகன் சாய்ந்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு நேரம் புத்தகமாக இருந்தது திடீரென்று வெறும் பாரமாகிவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றான்.

காரணம் சொல்லியிருப்பார்களே என்றாள் தங்கை. சொல்லியிருந்தார்கள். அனுமதி இல்லாமல் ஒருவருடைய வீட்டைப் படமெடுத்து, அந்த வீட்டின் பெயரைக் கெடுக்கும்படி வாசகம் போட்டது. வீட்டு உரிமையாளரே ஆதாரங்களோடு புகார் கொடுத்திருக்கிறார்.

"யாரோட வீடு?" என்று கேட்டார் பெரியக்கா.

மருமகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். நீலம் பாய்ந்த அந்தியில் ஓர் இரும்பு கேட். அதன் நடுவே பெரியக்காவின் அப்பா கொல்லனைப் பக்கத்தில் நின்று வளைக்கச் சொல்லிச் செய்த கொடி வேலைப்பாடு. கீழே ஒரே ஒரு வரி: 'இந்த வீட்டைப் பற்றி அக்கம்பக்கம் ஏன் வாய் திறப்பதில்லை?'

எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். ரேடியோ மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர் அவர்தான். எங்கேயோ பார்த்து, கீழே இருந்த புத்தகப் பெயரைக் கத்தரித்துவிட்டு, 'நம்ம கேட் மாதிரியே இல்ல?' என்று கேட்டிருந்தார். பெரியக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்பா கட்டிய வீடு. வாசலில் நின்று ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை. உடனே உத்தரவு போட்டார்: எல்லோரும் இதன்மேல் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் சொல்ல வேண்டும். வார்டில் இருந்த காலத்திலிருந்து அது அவருடைய சட்டம். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அன்றும் மளமளவென்று பதில்கள் வந்து விழுந்தன. செஞ்சாச்சு. செஞ்சாச்சு. செஞ்சாச்சு அத்தை.

பெரியக்கா அத்தோடு விடவில்லை. தன் பெயரில் முறையாக ஒரு புகார் எழுதி, குரூப்பில் வந்த படத்தோடு வீட்டு வரி ரசீதையும் இணைத்து, அடியில் 'குடும்பத்தின் மூத்தவள்' என்று போட்டு அனுப்பியிருந்தார்.

இப்போது அதே வாயால் மருமகளைக் கேட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

"நம்ம வீட்டு கேட்டையா போட்ட?"

"கதையில வர்ற வீடு நம்ம வீடுதானே அத்தை. அந்தக் கொடிய முதல் பக்கத்துலயே நீங்கதானே எழுதியிருக்கீங்க."

தான் எழுதிய கேட்டைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போனது எப்படி என்று பெரியக்காவுக்கு விளங்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது உறைத்தது. படம் குரூப்பில் வந்தபோது இவளும்தானே பதில் போட்டாள்?

"நீயும் செஞ்சாச்சுன்னு போட்டியே?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாக்கல அத்தை. நீங்க எது சொன்னாலும் செஞ்சாச்சுன்னு போட்டுட்டு, அப்புறமா பாப்போம்."

'போம்' என்ற அந்தப் பன்மை பெரியக்காவைக் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வைத்தது. தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கடையில் அன்றைக்குக் கூட்டம் என்றார். தங்கை தன் கணவர் செய்திருப்பார் என்று நினைத்திருந்தாளாம். அனுப்பி வைத்ததே தன் பங்குக்குப் போதாதா என்றார் ரேடியோ. மகனுக்குப் புகார் எங்கே கொடுப்பது என்பதே தெரியாது. அம்மாவிடம் கேட்கப் பயம்.

"அப்ப ஒருத்தர்கூடச் செய்யலையா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்கு போன அதிர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷமாகத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்ற குடும்பம் என்று தலை நிமிர்ந்து நடந்தாரே, அது அந்த மௌனத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. செய்தது அவர் ஒருவர் மட்டும். தன் புத்தகத்தின் கழுத்தைத் தானே, ரசீது இணைத்து, முறைப்படி நெரித்திருந்தார்.

மறுநாள் காலையில் மேல்முறையீடு எழுதினார். புகார் கொடுத்தவளும் புத்தகம் எழுதியவளும் ஒருத்தியே, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல மருமகள் தட்டினாள். அனுப்பிவிட்டு அவள் லேப்டாப்பை மூடக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது: முடிவு இறுதியானது. அதிகாரியிடம் பேச வேண்டும் என்றார் பெரியக்கா. அங்கே அதிகாரி கிடையாது, போன் நம்பர் கிடையாது, இதைப் படித்ததே மனுஷனா என்பதுகூடத் தெரியாது என்றாள் மருமகள்.

"பெரிய டாக்டர்கூட ரவுண்ட்ஸ் வந்தா நின்னு பதில் சொல்லுவாரு. இவங்களுக்குத் திட்டுறதுக்கு ஒரு மூஞ்சிகூட இல்லையா?"

அந்த வாரம் முழுக்க அவர் கூடத்துப் பக்கமே வரவில்லை. மருமகள் இரண்டொரு தடவை டீ கொண்டுபோய் வைத்தாள். ஆறியதை எடுத்து வந்தாள். வாரக் கடைசியில், செய்யாமலே ஏன் செஞ்சாச்சு என்றாய் என்று யாரையாவது ஒருவரை முகத்துக்கு நேராகக் கேட்டே தீர வேண்டும் என்று புடவை மாற்றிக்கொண்டு, புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, தம்பியின் கடைக்குக் கிளம்பினார். அந்தப் புத்தகத்தைத் தம்பி முகத்துக்கு முன்னால் நீட்டித்தான் கேட்பதாக இருந்தார்.

கடையில் தம்பி ஒரு தையல்காரப் பெண்ணுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் கையில் ஒரு காகிதம். என்றைக்கோ வந்த மூட்டுவலி மருந்து விளம்பரம். ஆயிரம் விரல் பட்டு எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. தெரிகிறதா என்று தம்பி கேட்க, தெரிந்தும் தெரியாததுமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். வார்டில் அழுக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தால் வரும் கோபம் பெரியக்காவுக்கு வந்தது. வந்த காரியம் மறந்துபோயிற்று. காகிதத்தைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பையிலிருந்த நாவலை அவள் கையில் வைத்தார்.

"இதப் படிங்க. அச்சு சுத்தமா இருக்கும்."

அவள் உதடு அசைய முதல் பக்கத்தைப் படித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று தம்பி கேட்டார். அவள் இன்னொரு பக்கம் புரட்டினாள். மறுபடி கேட்டார்.

"எழுத்து கெடக்கட்டும் சார். அந்தப் புள்ள கேட்டத் தொறந்துட்டு உள்ள போகுதே, அதுக்குப் புத்தி இல்லையா?"

பெரியக்கா அப்படியே நின்றுவிட்டார். வாசகர்கள் என்றால் அதுவரை அவருக்கு மருமகளின் திரையில் ஏறுகிற எண்கள். தன் எழுத்தைப் படிக்கும் ஒரு முகத்தை, அதன் புருவம் சுருங்குவதை, வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார். இதை எழுதியது யார் என்று அவள் கேட்டதற்குத் தம்பி வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றார் பெரியக்கா, தம்பியை முந்திக்கொண்டு. அந்தப் பெண் கண்ணாடியோடு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

இணையத்தில் வந்த வாசகர் கூட்டத்துக்கு ஒரு கண்ணாடிக் கடை ஈடாகாது. அது பெரியக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் குரூப்பில் எழுதினார்: 'கணக்கு போனதற்குக் காரணம் நான். வேறு யாரையும் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. நாளைக் காலை எல்லோரும் வந்து பெட்டிகளைக் கடைக்கு மாற்ற வேண்டும்.'

அடுத்த நிமிஷமே பதில்கள் வந்து விழுந்தன. செஞ்சாச்சு. செஞ்சாச்சு. செஞ்சாச்சு அக்கா.

பெட்டிகள் கூடத்திலேயே இருந்தன. காலையில் பெரியக்கா ஒரு முனையையும் மருமகள் ஒரு முனையையும் பிடித்து, அந்த இரும்பு கேட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாமியார்மேல் இருந்த கோபத்தில் மருமகள்தான் கணக்கை மூடிவிட்டாள் என்று ரேடியோ வழியாக வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். மூட வைத்தது பெரியக்கா.