கால்மாட்டுச் சுவரில் ஒரு சாலை

எங்கள் ஊரில் சாலைகளைத் தளம் மாற்ற வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கணினியில் ஒரு கோட்டுப்படம் உண்டு. அந்தப் படம் ஏதாவது ஒரு தளத்தின்மேல் ஒட்டியிருக்கும். எடுத்து வேறொரு தளத்தில் வைத்தால் பொருளும் அங்கே போய்விடும். போன மாதம் பீளமேட்டில் ஒருவருக்கு இடம் போதவில்லை என்று அவருடைய தென்னந்தோப்பை மேற்குச் சுவரில் வைத்துக் கொடுத்தேன். இப்போது ஜன்னலைத் திறந்தால் இளநீர் கைக்கு எட்டுகிறது. இன்னும் ஒரு சாண் பக்கத்தில் வைத்திருக்கலாம் என்று குறைபட்டுக்கொண்டார். திருப்தியான வாடிக்கையாளர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிங்காநல்லூரிலிருந்து நாச்சம்மாள் வந்தது தன் கணவருக்காக. அவிநாசியப்பன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு போய், ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். இப்போது சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்.

“ரோட்டைப் பாக்காம இனி ஒரு வாய் சோறு எறங்காதுன்னு சொல்லிப்போட்டாரு அம்மிணி. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டரு சொல்றாரு. எங்க தெரு ரோட்டை விட்டத்துல வெச்சுக் குடு. மல்லாக்கப் படுத்த வாக்குலயே பாத்துக்குவாரு.”

“மேல வெச்சா எல்லாரோட உச்சந்தலையும்தானுங்கம்மா தெரியும். அவரு கால் எந்தப் பக்கம் இருக்குதுங்க?”

“மேக்க.”

“அப்ப மேக்குச் சொவத்துல வெச்சரலாமுங்க. சொவத்துக்கு அவரு படுத்திருக்கலீங்க. நின்னுட்டிருக்கறாரு.”

எங்கள் தொழிலில் நிற்பது, படுப்பது என்று தனியாக எதுவும் கிடையாது. எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்பதுதான். நாச்சம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பரணில் இருக்கும் அவருடைய செருப்பை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டுமா என்று கேட்டார். வையுங்கள் என்றேன்.

மறுநாள் காலையில் மடிக்கணினியோடு போனேன். அவிநாசியப்பன் என்னைப் பார்க்கவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னங்கள் குழிந்திருந்தன. தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஒரு படத்தைத் தளம் மாற்றும் முன், பக்கத்துப் பொருள்களோடு அதைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் அவையும் கூடவே வந்துவிடும். தெருவிலுள்ள வீடுகள், மின்கம்பங்கள், பிள்ளையார் கோயில் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். டீக்கடையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். டீக்கடை இல்லாத சாலையைப் பார்த்து எந்தக் கண்டக்டருக்குப் பசி எடுக்கும்?

பொத்தானை அழுத்தியதும் வீடு லேசாகக் குலுங்கியது. சுவர் சுவராகவே இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீடுகள் படுத்தாற்போல் தெரிந்தன. அப்படியென்றால் சாலை செங்குத்தாக நின்றது, இந்த வீடும் அதோடு சேர்ந்து செங்குத்தாகத் திரும்பியிருந்தது. எல்லா வீட்டையும் அவிழ்த்தவள் நான் உட்கார்ந்திருந்த வீட்டை மறந்துவிட்டேன். இதன் வாசற்படி சாலையிலிருந்து நாலடி என்ற கட்டு அப்படியே இருந்தது. எல்லாம் சேர்ந்து திரும்பினால் எதுவும் திரும்பாததற்குச் சமம். அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள், எனக்குக் கணினியிலேயே போகவில்லை. பழையபடி திருப்பி வைத்தேன். அவிநாசியப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

“அம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. வாசப்படிக் கட்டையும் அவுத்தாத்தான் ஆகும். அவுத்தப்புறம் ரோடு சொவத்துல பிடிக்காமப் போச்சுன்னா திருப்பிக் கொண்டாற முடியாதுங்க. அது எங்கயாச்சும் போயிரும். உள்ளதும் போயிரும்.”

நாச்சம்மாள் கணவரைப் பார்த்தார்.

“அவுத்து உடு அம்மிணி. இவரு எந்திரிக்காத ஊட்டுக்கு வாசப்படி எதுக்கு?”

அவிழ்த்தேன். பிறகு அழுத்தினேன்.

முதலில் சுவரிலிருந்த நாட்காட்டி விழுந்தது. அப்புறம் சுண்ணாம்பு கறுத்துத் தாராகி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடியது. சுவரின் உயரம் பத்தடி, சாலையோ இரண்டு கிலோமீட்டர். ஆனால் ஒரு தளத்துக்கு ஓரம் என்பதே கிடையாது. சாலை விட்டத்தைத் தாண்டி மேலேயும் தரையைத் தாண்டிக் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு குழியில் தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டும் வழியாமல் எங்களைப் பார்த்துத் தளும்பியது. டீக்கடைப் பாய்லரின் ஆவி கட்டிலுக்கு மேலே வந்து தலைமாட்டில் மோதியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விட்டத்திலிருந்து இறங்கித் தரைக்குள் போனார்கள். பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன், அன்றுதான் என் வேலை என்ன என்று பார்த்தேன். கும்பிட வேண்டும்போல் இருந்தது.

வாசலில் சாலை இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் அதில் எருமையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நாச்சம்மாள் கட்டிலைக் கால்மாட்டுப் பக்கம் தள்ளினார். அவிநாசியப்பனின் உள்ளங்கால்கள் தாரில் பட்டன.

“சுடுது,” என்றார் அவர்.

ஆறு வருடத்தில் அந்தக் கால்களுக்கு எதுவும் சுட்டதில்லை. நாச்சம்மாள் செருப்பை மாட்டிவிட்டார். அவிநாசியப்பன் மெத்தையை விட்டு முதுகை எடுத்தார், ஒரு எட்டு வைத்தார், பிறகு இன்னொன்று. நான் பார்த்தபோது சுவரிலிருந்து நேராக நீண்டபடி நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளாடினார், பஸ் கிளம்பும்போது கண்டக்டர்கள் தள்ளாடுவார்களே, அந்த அளவுக்குத்தான். டீக்கடைக்குப் போய் ஒரு பன் வாங்கித் தின்றார். இன்னொன்று வாங்கி டீயில் நனைத்துத் தின்றார். நாச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நாச்சா,” என்று அவர் அங்கிருந்து கூப்பிட்டார். “அங்கயே நின்னுட்டிருந்தா? வா.”

ஆறு வருடமாகக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர், கணவரின் உடம்பு பதிந்த பள்ளத்தில் மெல்லச் சாய்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு காலை நீட்டினார். பாதம் சாலையைத் தொட்டதும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மழை வந்தது. சாலையின் மழை என்பதால் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. துளிகள் அறையின் குறுக்கே, தலையணைக்கு மேலாக மட்டமாகப் பறந்து என் தோளைக் கடந்து சுவரில் பெய்தன. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

“அம்மிணி, கதவுக்குப் பின்னால கொடை தொங்குது,” என்றார் நாச்சம்மாள். “அதக் கொஞ்சம் போடு.”

குடையைக் கட்டிலுக்கு மேலே நீட்டிக் கையை விட்டேன். அது கால்மாட்டுப் பக்கமாக நேரே விழுந்து அவர் கையில் போய்ச் சேர்ந்தது. அவர் அதை விரித்துக் கணவருக்குப் பிடித்தார்.