பச்சை வளையம்

எங்கள் பார்லி வயலின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் இந்த டார்செட் பக்கம் வாழ்ந்த யாரோ ஒரு பெரிய மனுஷனின் கல்லறை. அதில் மண்வெட்டி பட்டால் சட்டப்படி குற்றம். ஆயுசு முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி டிராக்டர் ஓட்டிய என் கணவர் அம்புரோஸ், செத்தால் அதன் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். சொந்த நிலத்தில் புதைக்க இங்கே தடையில்லை. போன மார்ச்சில் அவருடைய தம்பி பெர்சி, மேட்டின் அடியிலிருந்து பத்து எட்டு வைத்து அளந்து, தள்ளிக் குழி வெட்டினான். இடப்பக்கம் எனக்கு இடம் விட்டான்.

அந்த இடம் சீக்கிரமே தேவைப்படும். எனக்குக் கணையத்தில் புற்று. இலையுதிர்காலத்தைத் தாண்ட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூனில் மழையே இல்லை. பார்லியெல்லாம் வெளுத்துப்போக, மேட்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் பச்சையாக நின்றது. மண் மூடிப்போன பழைய அகழி அது, கல்லறையின் உண்மையான எல்லை. ஈரம் அங்கேதான் தங்கும். அம்புரோஸ் படுத்திருந்தது வளையத்துக்கு உள்ளே. விமானத்திலிருந்து எடுத்த படம் தொல்லியல் அதிகாரி பிலிப்பாவிடம் போய்விட்டது. முப்பது வயதுகூட ஆகாத பெண். படத்தை எங்கள் சமையலறை மேசையில் விரித்தாள்.

“பத்து எட்டு தள்ளித்தானே வெட்டினேன்!” பெர்சி எகிறினான்.

“இப்ப தெரியற அடியிலருந்து அளந்துட்டீங்க. மேடு முன்னாடி இன்னும் அகலம். ஓரத்தை வருஷா வருஷம் உழுதே கரைச்சிருக்காங்க.”

“எவன் உழுதான்?”

“உங்க அப்பா, தாத்தா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, மாமனார் மேல் ஆத்திரமும் வந்தது. ஒரு சாண் பார்லிக்கு அலைந்து என் படுக்கையையே உழுதுவிட்டுப் போயிருக்கிறார்.

“கேஸ் எதுவும் வராதும்மா. தெரியாம நடந்தது. அவரு அங்கயே இருக்கட்டும். எடுக்கணும்னா மறுபடி தோண்டணும்” என்றாள் பிலிப்பா.

“என் குழி?”

அவள் பெர்சியைப் பார்த்தாள்.

“அவன ஏன் பாக்கற? சாகப்போறது நான். என்னப் பாத்துச் சொல்லு.”

“புதுசா வெட்டக் கூடாதும்மா. வளையத்துக்கு வெளிய வேணும்னா...”

“நாப்பத்தோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவங்க. நடுவுல அகழி வெச்சுக்கவா?”

“அண்ணி, நான் வெட்டறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்.”

“நீ ஜெயிலுக்குப் போனா மாட்ட யாரு கறப்பா? உக்காருடா.” பிலிப்பாவிடம் திரும்பினேன். “எரிச்சு, சாம்பல அவரு மேல தூவினா?”

“தோண்டாம, மேலாகத் தூவினா தப்பில்லம்மா.”

நெருப்பென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். அது அம்புரோஸுக்கும் தெரியும், பெர்சிக்கும் தெரியும்.

“எரிச்சிடு” என்றேன் பெர்சியிடம்.

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். ஜன்னலுக்கு வெளியே பார்லி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்த மேட்டில் காற்று நின்று, தூவியது தூவிய இடத்தில் தங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.