லெப்டினன்ட் காளியப்பனுக்குப் போடாத இலை

லெப்டினன்ட் காளியப்பன், பி.ஏ., ஜப்பான்காரனின் சிறைமுகாமில் பட்டினியால் செத்து எண்பது வருடங்களுக்கு மேலாகியும், ஸ்கூடாய் ஊரில் தன் அண்ணன் பேத்தி வாசுகியின் வீட்டில்தான் இருந்தார். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்து தனியாக வசித்த வாசுகிக்கு அறுபது வயது. அவருக்கு இன்னும் இருபத்தெட்டு. ஆனாலும் முறை மாறாமல் சின்னத் தாத்தா என்றே கூப்பிட்டாள். சாயங்காலங்களில் இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். சாப்பாடுதான் சிக்கல். தட்டில் வைத்தால் அவர் விரல்கள் சோற்றுக்குள் புகுந்து ஒரு பருக்கையும் இல்லாமல் வெளியே வந்தன. செத்தவர்களுக்கு இலை போட்டு, முறை சொல்லி அழைக்க வேண்டும். பட்டாளத்துத் தந்தியில் காணவில்லை என்றுதானே இருக்கிறது, என் பிள்ளைக்கு யாரும் படைக்கக் கூடாது என்று அவர் தாயார் சொல்லிவிட்டுக் கண்மூடியதால், குடும்பம் எல்லோருக்கும் இலை போட்டு அவரை மட்டும் விட்டுவிட்டது.

அவர் இளைத்துக்கொண்டே வந்தார். பெக்கான் நானாஸ் ஊர்ச் சங்க மண்டபத்தில் மாட்டியிருந்த அவருடைய படமோ, அவருக்கு எடுத்த ஒவ்வொரு நினைவுவிழா விருந்துக்கும் சதை போட்டது. சட்டைப் பித்தான்கள் இரண்டு தெறித்துவிட்டன. பதவிக்கு ஏற்ற தோற்றம் என்று சங்கத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற திவாகரன் மகிழ்ந்தார். ஒருமுறை வாசுகி சின்னத் தாத்தாவையே விழாவுக்கு அழைத்துப்போனாள். மாலையோடு வந்த டத்தோ, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது" என்றார். வீரர் வாங்கியது வெறும் பி.ஏ.வா, ஆனர்ஸா என்ற விவாதம் பிரியாணி வரும்வரை நடந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் அவர் முதன்முறையாகச் சொன்னார்: "பசிக்குதும்மா."

படைத்தால் போய்விடுவார் என்று வாசுகிக்குத் தெரியும். அமாவாசைகளைத் தள்ளிப்போட்டாள். பக்கத்து வீட்டுப் பிரேமலா கேட்டேவிட்டாள்: "ஏங்க்கா, தொணைக்குன்னு ஒருத்தரப் பட்டினி போடுவீங்களா?"

ஆடி அமாவாசையன்று வாசுகி, விரதநாள் என்றும் பாராமல், அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்து, அன்னாசிப் பச்சடி செய்து, இலை விரித்தாள். "சின்னத் தாத்தா, நீங்க செத்துட்டீங்க. சாப்பிட வாங்க."

அவர் மூன்று தடவை சோறு வாங்கினார். ரசம் கேட்டார். இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த விழாவில் படத்துக்குள் ஆளில்லை, சீருடை மட்டும் நின்றது. டத்தோ வழக்கம்போல் மாலை போட்டார். முகத்தின் கம்பீரம் பற்றியும் பேசினார். கடைசி வரிசையில் வாசுகி தன் பக்கத்து நாற்காலியைக் கைப்பைகூட வைக்காமல் காலியாக விட்டிருந்தாள். உட்கார இடம் தேடிய ஒரு பெண், யாராவது வருகிறார்களா என்று கேட்டாள்.

"இல்லலா," என்றாள் வாசுகி. "சாப்பிட்டுப் போயிட்டாரு."