காலளவு

எண்பத்தைந்தாவது நாளில் எல்லாப் பிள்ளைகளும் நலமாக இருந்தார்கள். ஆலோசகருக்கு முதலில் உறுத்தியது அதுதான். குழந்தைகள் நலத் துறையின் இரண்டாவது மாடியில், ஒரு சக்கரம் கழன்றுபோன நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாயாமல் உட்காருவதே தனி வேலையாக, மூன்று நாட்களாக அவர் கணினியில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு. களப்பணியாளர் வீட்டுக்குப் போய்வந்ததும் அதில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எந்தக் கோப்பைத் திறந்தாலும் எண்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை, பிசகாமல், அதே வரி: ‘சந்தித்தேன். குழந்தை நலம்.’ உலகத்தில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு ஒழுங்காக நலமாக இருந்ததில்லை. காய்ச்சல் வரும், பல் விழும், மாமா வீட்டுக்குப் போயிருக்கும், களப்பணியாளரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இந்தக் கோப்புகளில் இருந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றுமே நடக்கவில்லை.

எண்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறு நாள் ‘சந்தித்தேன்’ என்ற குறிப்பு ஏறாத கோப்பு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்ற விதியை நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் உட்கார்ந்து எழுதியவரே அவர்தான். கேட்பாரற்றுக் கிடக்கும் கோப்புகள் ஒழிந்தால், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைகள் மேல் கவனம் திரும்பும் என்று நம்பினார். மனதார நம்பினார், அதில் கள்ளம் இல்லை. ஒரே வருடத்தில் கோப்புகள் பாதியாகக் குறைந்தன. துறை அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. அது இப்போது அவர் வீட்டு மேசையில் செய்தித்தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஊழியர்கள் அவருக்கு ‘தொண்ணூறு மேடம்’ என்று பெயர் வைத்திருந்தது அவருக்கும் தெரியும். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது நினைவில் இருக்கிறோமே என்று விட்டுவிட்டார்.

இந்த முறை இயக்குநர் அவரைக் கூப்பிட்டது தொண்ணூறை அறுபதாக்க. சந்திப்புகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நடக்கின்றன, ஆகவே இன்னும் இறுக்கலாம் என்பது அவர் கணக்கு. “நீங்க புதுசா ஒண்ணும் மெனக்கெட வேண்டாம் மேடம், பழைய அறிக்கையையே கொஞ்சம் தூசி தட்டிக் குடுங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முப்பத்தொரு பக்க அறிக்கை அச்சாகி ஆலோசகரின் பையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கூட்டம். இருபத்தாறு வருடமாக அரைத்த மாவையே அரைத்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. முழங்கால் வேறு மாடிப்படியைக் கண்டாலே முறைத்தது. “ஊரான் பிள்ளைங்களை எல்லாம் கட்டம் போட்டு எண்ணிட்ட. அடுத்து என்ன செய்யப்போற?” என்று அவர் கணவர் விளையாட்டாகக் கேட்பார். கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்றுதான் அன்று காலைவரை நினைத்திருந்தார்.

அப்போதுதான் அந்த எண்கள் கண்ணில் பட்டன. சில குறிப்புகளின் கடைசியில் மட்டும் ‘ஒன்பது’ என்று இருந்தது, சிலவற்றில் ‘பன்னிரண்டு’. எல்லாம் ஒரே களப்பணியாளர் எழுதியவை. அந்தம்மாளை அலுவலகமே ‘மூட்டையக்கா’ என்று கூப்பிட்டது. பழைய துணி, பிஸ்கட், செருப்பு என்று ஏதாவது பிதுங்கும் துணிப்பை எப்போதும் தோளில் தொங்கும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் நடந்து நடந்து புறங்கை கறுத்து, உள்ளங்கை மட்டும் வேறொருவருடையது போல வெளுத்திருந்தது. கூப்பிட்டதும் வந்து, உட்காராமல் நின்றார்.

“இந்த எண் என்னங்க?”

“செருப்பளவு மேடம்.”

“எதுக்கு எழுதறீங்க?”

மூட்டையக்கா கொஞ்சம் யோசித்தார். மாட்டிக்கொண்ட யோசனை இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற யோசனை. “நெசமாப் பார்த்த அன்னைக்கு மட்டும் எழுதுவேன். பிள்ளையைப் பார்க்காம காலளவு சொல்ல முடியாதுல்ல.”

“மத்த நாள்?”

“மத்த நாள் எழுதறது கோப்பைக் காப்பாத்தறதுக்கு. எங்கிட்ட நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க மேடம். காலுல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடினாலும் மூணு மாசத்துல முடியாது. எழுதலைன்னா தொண்ணூறாம் நாள் தானா மூடிக்கும். மூடிட்டா அப்புறம் அந்தப் பிள்ளையைக் கேக்க நாதியில்ல. அதான் எழுதி வெச்சிடறோம். நான் மட்டுமில்ல, எல்லாரும்தான். எனக்கு எது நெசம், எது பொய்னு மறந்துடக் கூடாதுன்னு நான் செருப்பளவு போடறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் குரலில் வெட்கமும் இல்லை, எகிறலும் இல்லை. ஆலோசகருக்குத்தான் காது சூடானது. இவர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று தேடவே வேண்டாம். அந்தப் பொய்களைத்தான் கூட்டிப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று தன் அறிக்கையில் போட்டிருக்கிறார். அவமானமாக இருந்தது. பேச்சை மாற்றுவது போலக் கணினிப் பக்கம் திரும்பி, மூட்டையக்காவின் கோப்புகளில் எந்தப் பிள்ளைக்குச் செருப்பளவு எழுதி ரொம்ப நாளாகிறது என்று தேடினார். ஒரு பெண்குழந்தை மேலே வந்தது. நான்கு வயதில் தொடங்கிய கோப்பு, இப்போது வயது ஏழு. எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து. அதோடு சரி. பிறகு பதினான்கு மாதத்தில் ஐந்து முறை வெறும் ‘நலம்’.

“இந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லையா?”

“அஞ்சு மாசம் முன்னாடி போனேன் மேடம். வீடு பூட்டியிருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.”

ஆலோசகர் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார் இருந்தது. ‘தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்.’ இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்தார்கள்.  மூட்டையக்கா முதல் முறையாக உட்கார்ந்தார்.

“பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வந்திருக்கேன்” என்றார். “அன்னைக்கு அது ஏழாவது வீடு. முதல் ஆறுலயும் பூட்டு. பூட்டுன்னா ஆளில்லன்னு மனசு தானா முடிவு பண்ணிடுச்சு மேடம்.”

துறையின் படிவத்தில், சந்திக்க முடியாததற்கான காரணங்களின் பட்டியலில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்பதை முதலாவதாகச் சேர்த்தது யார் என்பதும் ஆலோசகருக்கு நன்றாக நினைவிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணி ஒன்றரை.

பேருந்தில் போகும்போதே மூட்டையக்கா பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். பேசி முடித்துக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டதே அவர்தான். தாய் தனி ஆள், பொட்டலம் கட்டும் கூடத்தில் வேலை, சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவாள், கெட்டவள் இல்லை, பயந்தவள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, “ஏழு மாசமா பள்ளிக்கூடம் வரலையாம்” என்றார்.

“நமக்குச் சொல்லலையா அவங்க?”

“கேட்டாங்களாம். நம்ம ஆபீஸ்ல கோப்பைத் திறந்து பார்த்து, நலம்னு இருக்குன்னு பதில் சொல்லிட்டாங்களாம்.”

  ஒருவேளை அந்தத் தாய் வீடு மாறிப் போயிருக்கலாம், பிள்ளை எங்கேயோ சித்தி வீட்டில் சௌக்கியமாக இருக்கலாம் என்று ஆலோசகர் தனக்குத்தானே இரண்டு மூன்று கதைகள் கட்டிப்பார்த்தார். மற்றவர்களின் அறிக்கைகளில் இந்த மாதிரி ‘இருக்கலாம்’களைக் கண்டால் சிவப்பு மையால் சுழிப்பது அவர் வழக்கம்.

மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நீள நடை, அதை ஒட்டி வரிசையாகக் கதவுகள், கதவுக்கு மேலே காயும் துணிகள். மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் ஆலோசகரின் முழங்கால் கெஞ்சியது. கடைசிக் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. பளபளப்பான பூட்டு, தினமும் கைபட்ட பளபளப்பு. ஆலோசகர் தட்டினார். மறுபடி தட்டினார். பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ சாமான் விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்ததைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் திரும்பிப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மூட்டையக்கா தோள்பையை இறக்கி வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடையின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துக் கதவின் அடி இடுக்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

“கால் தெரியுது மேடம்” என்றார் இடுக்கைப் பார்த்தபடியே.

ஆலோசகர் துறையின் அவசரப் பிரிவுக்குப் பேசினார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். “பூட்டை உடைச்சிடலாமாக்கா?” என்று கேட்டார். மேடத்துக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த தூரம் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

“சம்மட்டி எடுத்து இடிச்சா பிள்ளை மிரண்டுடும். அவங்க வரட்டும். அதுவரைக்கும் நாம இருக்கோம்னு அதுக்குத் தெரியணும்.” மூட்டையக்கா இடுக்கில் வாய் வைத்தார். “பாப்பா. நான்தான், மூட்டையக்கா. செருப்பு வாங்கிட்டு வருவேனே.”

 கால் மறைந்தது. உள்ளே ஏதோ உருட்டும் சத்தம். ஆலோசகர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி, தானும் ஒரு வழியாகத் தரையில் சாய்ந்தார். நான்கு விரல் உயர இடுக்கு. அதன் வழியே பார்த்தபோது கால்கள் திரும்பி வந்திருந்தன, இப்போது செருப்போடு. நீல வார் வைத்த பத்தாம் அளவுச் செருப்பு. விரல்கள் முன்பக்கம் தாண்டித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

“அடடா, சின்னதாப் போச்சே” என்றார் மூட்டையக்கா. “புதுசு வாங்கணும்ல?”

கதவுக்கு மிக அருகிலிருந்து, “யார்கூடவும் பேசக் கூடாது” என்றது குரல்.

“சரி, பேச வேண்டாம். காகிதம் தரேன். அதுமேல காலை வெச்சு, சுத்திக் கோடு போட்டுக் குடு. அளவு எடுத்துக்கறேன்.”

மூட்டையில் துணி இருந்தது, பிஸ்கட் இருந்தது, பென்சில்கூட இருந்தது. காகிதம்தான் இல்லை. ஆலோசகர் தன் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். மற்ற தாள்கள் இரண்டு புறமும் அச்சாகியிருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கத்தின் பின்புறம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதைக் கிழித்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி பென்சிலோடு சேர்த்து இடுக்கில் தள்ளினார். ஒரு சின்னக் கை அதை இழுத்துக்கொண்டது.

கைபேசி அடித்தது. இயக்குநர்.

“மேடம், நாலு மணிக்குக் கூட்டம். நீங்க எங்க இருக்கீங்க?”

“ஒரு பிள்ளையைப் பார்க்க வந்தேன் சார்.”

“நல்லது. பார்த்தாச்சுல்ல, கிளம்பி வந்துடுங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“இன்னும் பார்க்கல சார்” என்றார் ஆலோசகர். “நீங்க ஆரம்பிச்சுடாதீங்க. எண்பத்தஞ்சாவது நாளைப் பத்தி நான் கொஞ்சம் பேசணும்.”

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டார். எழுந்து நிற்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததால், கதவில் முதுகைச் சாய்த்து அங்கேயே உட்கார்ந்தார். மூட்டையக்கா இன்னும் குப்புறத்தான் கிடந்தார். கதவுக்கு அந்தப்பக்கம் பென்சில் மெதுவாக ஊர்ந்தது, நின்றது, விரல் இடுக்குகளில் ஏறி இறங்குவது போல மறுபடி ஊர்ந்தது. பிறகு காகிதத்தின் ஒரு மூலை இடுக்கில் வெளியே வந்தது. ஆலோசகர் குனிந்து அதைப் பிடிக்கப் போனார். சட்டென்று அது உள்ளே போய்விட்டது.

“இருங்க” என்றது குரல். “இன்னொரு கால் இருக்கு.”

பென்சில் மறுபடி ஊர ஆரம்பித்தது.